பாக்கெட்டைத் திருப்புங்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் "சாஸ் பாட்டிலில் ஐஎன்எஸ் 211 என்று போட்டிருக்கிறதே, அது என்ன?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சோடியம் பென்சோயேட், பூஞ்சை வராமல் இருக்கச் சேர்ப்பது என்று இரண்டு வரியில் பதில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அப்புறம் வந்த கடிதங்களைப் பார்த்தால் ஆளாளுக்குச் சமையலறை அலமாரியைக் காலி செய்து ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பியிருக்கிறார்கள். நல்லது. வந்ததில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

இஞ்சி பூண்டு விழுது பாக்கெட்டின் பின்னால் 260, 415, 211 என்று வரிசையாக எண்கள். இதைச் சாப்பிடலாமா, தூக்கிப் போட்டுவிடலாமா? (ஒரு வாசகி, ஈரோடு)

தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை முழுசாகப் படித்துவிடலாம்.

ஐஎன்எஸ் என்கிற இந்த எண்கள், உணவில் சேர்க்கும் பொருட்களுக்கு எல்லா நாட்டுக்கும் பொதுவாக வைத்த பட்டியல். 100-ல் தொடங்கினால் நிறம். 200 வரிசைதான் கெடாமல் வைக்கும் பிரிசர்வேட்டிவ். 300-ல் எண்ணெய் காறல் அடிக்காமல் தடுப்பவையும் புளிப்புப் பொருட்களும் இருக்கும். 400 கெட்டியாக்குவது, 500-ல் சோடா உப்பு வகையறா, 600-ல் சுவை கூட்டுபவை. ஒன்றிரண்டு விதிவிலக்கு உண்டு என்றாலும் கடையில் நின்று படிக்க இது போதும். எண் இருந்தாலே விஷம் என்று நினைக்க வேண்டாம். எலுமிச்சையின் புளிப்பான சிட்ரிக் அமிலம் 330, வைட்டமின் சி 300, ஆப்ப சோடா 500.

உங்கள் பாக்கெட்டுக்கு வருவோம். 260 என்பது அசிட்டிக் அமிலம், வினிகரில் இருப்பதுதான். 415 சாந்தன் கம், தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்காமல் விழுதைக் கெட்டியாகப் பிடித்து வைக்கும். 211 சோடியம் பென்சோயேட். இதில் 260-ம் 211-ம் ஜோடியாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. பென்சோயேட் புளிப்பான இடத்தில்தான் ஒழுங்காக வேலை செய்யும். புளிப்பு இருந்தால்தான் அது பென்சாயிக் அமிலமாக மாறி ஈஸ்ட், பூஞ்சை இவற்றின் செல்லுக்குள் நுழைய முடியும். இஞ்சி பூண்டு அவ்வளவு புளிப்பில்லை, அதனால் புளிப்பை ஊற்றிவிட்டு 211-ஐச் சேர்க்கிறார்கள். ஊறுகாய், ஸ்குவாஷ், கெட்சப் மாதிரி புளிக்கிற சாமான்களிலேயே இந்த எண் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதும் இதனால்தான்.

அம்மா, நீங்கள் பார்க்க வேண்டிய இடம் அந்த எண்களுக்கு முன்னால் இருக்கிறது. எந்தப் பொருள் எடையில் அதிகமோ அது முதலில், அடுத்தது அதற்குப் பின்னால் என்று இறங்கு வரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. பல விழுதுகளில் இஞ்சி, பூண்டுக்கு அடுத்ததாகவே தண்ணீரும் உப்பும் வந்துவிடும். சிலவற்றில் தண்ணீர் இஞ்சிக்கே முன்னால் நிற்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்கியது என்ன என்று அந்த வரிசை சொல்லிவிடும். அப்புறம் அந்த விழுதைப் போட்ட குழம்பில் உப்பைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்.

பிரிசர்வேட்டிவ் எல்லாம் மெல்லக் கொல்லும் விஷம் என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் சுற்றுகிறது. பேரனுக்குத் தோசைக்கே கெட்சப் வேண்டும். என்ன செய்ய? (ஒரு தாத்தா, தஞ்சாவூர்)

ஐயா, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பென்சோயேட்டுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு, ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம். தினமும், வாழ்நாள் முழுக்கச் சாப்பிட்டாலும் பாதகமில்லை என்கிற அளவு அது. பேரன் 20 கிலோ இருந்தால் அவனுக்கு 100 மில்லிகிராம். ஒரு கிலோ கெட்சப்பில் 750 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மேசைக்கரண்டி 15 கிராம், அதில் 11 மில்லிகிராம் சொச்சம். வரம்பைத் தொட அவன் ஒரே நாளில் 130 கிராமுக்கு மேல் கெட்சப் சாப்பிட வேண்டும். ஸ்குவாஷ், ஊறுகாய் என்று மற்றதிலும் இதே 211 இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும், ஆனாலும் வாட்ஸ்அப்பில் மிரட்டுகிற அளவுக்குப் போகாது.

அதே 130 கிராம் கெட்சப்பில் சர்க்கரை எவ்வளவு என்று யாரும் பட்டியல் அனுப்புவதில்லை. சாதாரணமாக 100 கிராம் கெட்சப்பில் 20 முதல் 25 கிராம் சர்க்கரை இருக்கும். அப்படியென்றால் ஆறேழு டீஸ்பூன் சர்க்கரை, போதாததற்கு உப்பு. பேரனைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமென்றால் நான் 211-க்காகக் கவலைப்பட மாட்டேன், தோசைக்குக் கெட்சப் என்கிற பழக்கத்துக்காகத்தான் படுவேன். தேங்காய்ச் சட்னி என்ன பாவம் செய்தது?

"நோ பிரிசர்வேட்டிவ்ஸ்" என்று பெரிசாகப் போட்டிருந்தால் நம்பி வாங்கலாமா? பிரிசர்வேட்டிவ் இல்லாமல் எப்படி ஆறு மாதம் கெடாமல் இருக்கும்? (ஒரு வாசகர், மதுரை)

பாக்கெட்டின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் கணக்கு. இதை வைத்துக்கொண்டு மேலே போவோம்.

நம் நாட்டு உணவு விதிகளில் பிரிசர்வேட்டிவை வெகுகாலமாகவே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். உப்பு, சர்க்கரை, மசாலா, வினிகர், தேன், சமையல் எண்ணெய் இதெல்லாம் முதல் வகுப்பு, கிளாஸ் ஒன். பென்சோயேட், சல்ஃபைட், சோர்பேட், நைட்ரைட், புரோப்பியோனேட் போன்றவை கிளாஸ் டூ. லேபிளில் "கன்டெயின்ஸ் பெர்மிட்டட் கிளாஸ் டூ பிரிசர்வேட்டிவ்" என்று பொடி எழுத்தில் இருப்பது இதைத்தான். முதல் வகுப்புக்கு அளவுக் கட்டுப்பாடு வைக்கவில்லை. இரண்டாம் வகுப்புக்கு ஒவ்வொரு உணவுக்கும் தனித்தனி உச்சவரம்பு உண்டு. அதிலும் ஒரே பொருளில் இரண்டைச் சேர்த்தால் இரண்டின் அளவையும் அந்த விகிதத்துக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். நிறுவனங்கள் "பிரிசர்வேட்டிவ் இல்லை" என்று மார்தட்டும்போது பெரும்பாலும் கிளாஸ் டூ இல்லை என்று அர்த்தம். உப்பும் சர்க்கரையும் எண்ணெயும் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

பழனி பஞ்சாமிர்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலைவாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய், பேரீச்சை, கற்கண்டு. ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவதில்லை. அவ்வளவு சர்க்கரை இருக்கிற இடத்தில் கிருமி வளர்வதற்கு ஈரம் மிஞ்சாது, இருக்கிற ஈரத்தைச் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் ஊருக்கு எடுத்துப் போய்ப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொடுக்கிறவரை தாங்குகிறது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய அந்த பஞ்சாமிர்தத்தில் எந்த எண்ணும் தேவைப்படவில்லை, ஆனால் தினமும் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடவும் யாரும் சொல்ல மாட்டார்கள். வீட்டு ஆவக்காய், மாவடு எல்லாம் உப்பில் நிற்பவை, அதே கதைதான். ரத்த அழுத்தம் இருக்கிறவருக்கு "இது வீட்டில் போட்டது, கெமிக்கலே இல்லை" என்று இரண்டு கரண்டி ஊறுகாய் வைப்பதில் எந்தப் புண்ணியமும் இல்லை. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இன்னொன்று, சமையல் எண்ணெய், நெய், சர்க்கரை, காய்ந்த பருப்பு இவற்றுக்கெல்லாம் பிரிசர்வேட்டிவ் தேவையே இல்லை. அதில் போய் "பிரிசர்வேட்டிவ் இல்லை" என்று போட்டு விலையைக் கூட்டினால் சிரித்துவிட்டுப் பக்கத்துப் பாக்கெட்டை எடுங்கள்.

அட்டைப்பெட்டிப் பால் மாதக்கணக்கில் வெளியே இருக்கிறதே, அதில் என்ன கலக்கிறார்கள்? (ஒரு வாசகி, நாகர்கோவில்)

ஒன்றும் கலப்பதில்லை. பாலில் பிரிசர்வேட்டிவ் சேர்க்கவே அனுமதி கிடையாது. 135 டிகிரிக்கு மேல் சில விநாடி சூடாக்கி, கிருமி நீக்கிய பெட்டியில் காற்று புகாமல் அடைக்கிறார்கள், அவ்வளவுதான். வெட்டிய பிறகு அதுவும் சாதாரணப் பால் மாதிரிதான், ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும்.

என் மகளுக்கு ஆஸ்துமா. சில நாள் பாயசம் சாப்பிட்டால்கூட இழுக்கிறது. பாலா, முந்திரியா, எது என்று தெரியவில்லை. பிரிசர்வேட்டிவ் காரணமாக இருக்குமா? (ஒரு அம்மா, திருப்பூர்)

இருக்கலாம். இந்தக் கேள்வியை டாக்டரிடம் அவசியம் கேளுங்கள், பாலும் முந்திரியும் காரணமா என்று பார்ப்பதும் அவர் வேலை. நான் சொல்லக்கூடியது எந்த எண்ணைத் தேடுவது என்பது. 220 முதல் 228 வரை சல்ஃபைட் குடும்பம், அதாவது கந்தக டை ஆக்ஸைடும் அதன் உறவுக்காரர்களும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாத இந்தச் சாமான், ஆஸ்துமா இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு மூச்சிழுப்பைக் கொண்டுவரும். அமெரிக்காவில் ஹோட்டல் சாலட் கீரைகளில் வாடாமல் இருக்க இதைத் தெளித்து, ஆட்கள் மூச்சுத் திணறிச் செத்தும்போன பிறகு 1986-ல் பச்சையாகச் சாப்பிடும் பழம், காய்களில் தடை செய்தார்கள். நம் நாட்டிலும் கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் ஒவ்வாமைப் பொருள் என்று லேபிளில் தனியாகச் சொல்ல வேண்டும். "கன்டெயின்ஸ் சல்ஃபைட்" என்ற வரியைத் தேடுங்கள்.

பாயசத்துக்கு வருவோம். பொன் நிறத்தில் பளபளவென்று இருக்கும் உலர் திராட்சை பெரும்பாலும் கந்தகப் புகை காட்டியது, அந்த நிறத்துக்கே அதுதான் காரணம். வெயிலில் காயவைத்த கறுப்பு திராட்சையில் பொதுவாக அது இருக்காது. வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினால் கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது. அடுத்தது வெல்லம். கரும்புப் பாகு காயும்போது நிறம் வெளுக்க ஹைட்ரோஸ் என்று ஒன்றைப் போடுகிறார்கள், சோடியம் ஹைட்ரோசல்பைட். அதுவும் கந்தகத்தைத்தான் வெல்லத்தில் விட்டுவிட்டுப் போகும். சேலம் பக்கம் வெல்ல ஆலைகளில் உணவுப் பாதுகாப்புத் துறை சோதனைக்குப் போகும்போதெல்லாம் மூட்டையாக அள்ளிக்கொண்டு வருவது இந்த ஹைட்ரோஸையும் கலப்படத்துக்கு வைத்திருக்கும் வெள்ளைச் சர்க்கரையையும்தான். மஞ்சளாக, தங்கம் மாதிரி மின்னும் அச்சு வெல்லத்தைப் பார்த்து வாங்குகிற நம்முடைய ஆசைதான் அவர்களுக்கு மூலதனம். கறுத்த, அழுக்குப் பழுப்பான வெல்லத்தை வாங்கிப் பாருங்கள், பாயசம் நிறம் மங்கும், குழந்தைக்கு இழுக்காமல் இருந்தால் போதாதா?

பிஸ்கட்டிலும் ஒரு கண் வையுங்கள். பிரிசர்வேட்டிவ் என்ற தலைப்பையே தேடிக்கொண்டிருந்தால் இதைக் கோட்டை விடுவீர்கள். சில பிஸ்கட்டுகளில் மாவு இளகுவதற்காக 223 சேர்ப்பார்கள், அப்போது அதற்கு "டோ கண்டிஷனர்" என்று பெயர். பெயர்தான் வேறு, ஆள் அதே சோடியம் மெட்டாபைசல்பைட். தலைப்பைப் படிக்காமல் எண்ணைப் படியுங்கள்.

631 என்றால் பன்றிக் கொழுப்பு, சிப்ஸில் கலக்கிறார்கள் என்கிறார்களே? (பெயர் வேண்டாம், வாணியம்பாடி)

631 கொழுப்பே இல்லை. டைசோடியம் இனோசினேட் என்கிற சுவை கூட்டும் உப்பு. இறைச்சி, மீனிலிருந்தும் எடுக்கலாம், மாவுச்சத்தை நொதிக்க வைத்தும் எடுக்கலாம். எதிலிருந்து எடுத்தது என்று எண் சொல்லாது, ஆனால் பச்சை வட்டம் போட்ட பாக்கெட்டில் விலங்கிலிருந்து எடுத்ததைச் சேர்க்கக் கூடாது, பால், தேன் போன்றவை மட்டும்தான் விலக்கு. அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம். அதைப் பாருங்கள்.

கடை பிரெட் ஒரு வாரம் ஆனாலும் பூஞ்சை பிடிப்பதில்லை. வீட்டில் செய்தது மூன்றாம் நாளே பச்சை பூத்துவிடுகிறது. (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

282, கால்சியம் புரோப்பியோனேட். பிரெட்டுக்கென்றே இருக்கிற பிரிசர்வேட்டிவ், பூஞ்சையைத் தடுக்கும், ஈஸ்டை அவ்வளவாகத் தொடாது, அதனால் மாவு உப்புவதற்குத் தடையில்லை. இருக்கிற பிரிசர்வேட்டிவ்களில் எனக்குக் கடைசியாகத்தான் பயம் வரும் சாமான் இது. பிரெட்டில் உண்மையிலேயே பயப்பட வேண்டியதாக இருந்தது பொட்டாசியம் புரோமேட். அது பிரிசர்வேட்டிவ் இல்லை, பிரெட் நன்றாக உப்பி வருவதற்காக மாவில் சேர்த்தது. 2016-ல் டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பிரெட்டுகளைச் சோதித்து அறிக்கை வெளியிட்ட பிறகுதான் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ அதை அனுமதிப் பட்டியலிலிருந்து எடுத்தது.

வீட்டு பிரெட்டில் பச்சை பூத்தால் அந்த இடத்தை மட்டும் கிள்ளிவிட்டுச் சாப்பிடாதீர்கள். கண்ணுக்குத் தெரிவது பூஞ்சையின் மேல்பகுதி, வேர் உள்ளே ஓடியிருக்கும்.

சிக்கன் சாசேஜ் வாரம் ஒருமுறை பசங்களுக்குச் செய்து தருகிறேன். தவறா? (ஒரு வாசகி, சென்னை)

கிளாஸ் டூ பட்டியலிலேயே நான் தள்ளி வைக்கச் சொல்வது இந்த 250-ஐத்தான், சோடியம் நைட்ரைட். சாசேஜ், சலாமி, ஹாம், பேகன் எல்லாவற்றுக்கும் அந்த இளஞ்சிவப்பைக் கொடுப்பது அதுதான். அதைச் சும்மாவும் போடவில்லை, பாட்டுலிசம் என்கிற கொடிய உணவு நச்சு நோயை உண்டாக்கும் கிருமியை அது தடுக்கிறது. சிக்கல் என்னவென்றால் இறைச்சியின் புரதத்தோடு சேர்ந்து, குறிப்பாக அதிகச் சூட்டில் வறுக்கும்போது, நைட்ரோசமைன் என்ற, புற்றுநோய் வரவழைக்கக்கூடிய பொருட்கள் உருவாகும். 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பதப்படுத்திய இறைச்சியை முதல் பிரிவில், அதாவது புற்றுநோய் வரவழைக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில் வைத்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. சிகரெட்டும் அதே பிரிவில்தான் என்று உடனே ஒரு ஃபார்வர்டு வரும். ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் பிரிவு சொல்கிறது, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதைச் சொல்வதில்லை. மாதத்துக்கு ஒருமுறை ஆக்கிக்கொள்ளுங்கள், கருக வறுக்காதீர்கள். கறிக்கடையில் வாங்கிய கோழியைப் பொரித்துக் கொடுத்தாலே பசங்க சத்தம் போடாமல் சாப்பிடுவார்கள்.

மிட்டாய் கலரெல்லாம் குழந்தையைத் துறுதுறுவென்று ஆக்கிவிடும் என்பது உண்மையா? (ஒரு அப்பா, விழுப்புரம்)

கொஞ்சம் உண்மை. 2007-ல் இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் சில செயற்கை நிறங்களையும் சோடியம் பென்சோயேட்டையும் கலந்த பானத்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சில குழந்தைகளிடம் பரபரப்பு கூடியது, எல்லாரிடமும் இல்லை. அதையொட்டி 2010 ஜூலையிலிருந்து ஐரோப்பாவில் 102, 110, 122, 124 உள்ளிட்ட ஆறு நிறங்களில் எதைச் சேர்த்தாலும் "குழந்தைகளின் கவனத்தைப் பாதிக்கலாம்" என்று எச்சரிக்கை போட வேண்டும். இங்கே அப்படி எச்சரிக்கை கிடையாது, எண்ணை நீங்கள்தான் தேட வேண்டும்.

ஆனால் எண் போட்டு விற்கிறவனையாவது பிடித்துக் கேட்கலாம். திருவிழாவில் கவரில் கட்டித் தொங்கவிடும் ரோஸ் கலர் பஞ்சு மிட்டாய்க்கு லேபிளே கிடையாது. அதில் துணிச்சாயமான ரோடமின்-பி இருப்பது தெரிந்துதான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு தடை போட்டது. அந்தச் சாயத்துக்கு உணவில் எந்த அளவிலும் இடமில்லை.

ஆரஞ்சு ஸ்குவாஷில் 211-ம் 300-ம் சேர்ந்திருந்தால் பென்சீன் வரும் என்று படித்தேன். (கல்லூரி மாணவி, திருச்சி)

சரியாகத்தான் படித்திருக்கிறாய். பென்சோயேட்டும் வைட்டமின் சி-யும் புளிப்பான பானத்தில் ஒன்றாக இருந்தால் மிகச் சிறிய அளவில் பென்சீன் உருவாகலாம், சூடும் வெளிச்சமும் பட்டால் கூடும். 1990 வாக்கிலேயே குளிர்பான நிறுவனங்களுக்கு இது தெரியும். 2005, 2006-ல் மறுபடி கிளம்பியபோது பலர் தயாரிப்பு முறையையே மாற்றிக்கொண்டார்கள். அளவு சின்னது என்றாலும் பென்சீன் புற்றுநோய் வரவழைக்கும் பொருள், அதனால் நம்மால் முடிந்ததைச் செய்வோம். மே மாத வெயிலில் கடை வாசலில் அடுக்கி வைத்த பாட்டிலை வாங்காதே, வண்டியின் பெட்டிக்குள் நாள் முழுக்கப் போட்டு வைக்காதே. இல்லையென்றால் எலுமிச்சம்பழம் பிழிந்துகொள், ஒரு நிமிஷ வேலை.

எக்ஸ்பைரி தேதி இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, ஆனால் ஜாம் மேல் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. (ஒரு வாசகி, புதுச்சேரி)

மூடியைத் திறந்த நாளோடு அந்தத் தேதி செத்துப்போயிற்று. அது பிரிக்காத பாட்டிலுக்கு. திறந்த பிறகு எத்தனை நாள், எங்கே வைக்க வேண்டும் என்று வேறொரு மூலையில் எழுதியிருப்பார்கள். ஈரக் கரண்டி போட்டால் எந்தப் பிரிசர்வேட்டிவும் காப்பாற்றாது. கொட்டிவிடுங்கள்.

லேபிளில் ஒன்று, உள்ளே வேறு என்று சந்தேகம் வந்தால் யாரிடம் போவது? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

முதலில் பாக்கெட்டில் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் "ஃபுட் சேஃப்டி கனெக்ட்" செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடையது, உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். புகாரையும் அதிலேயே கொடுக்கலாம், இல்லை உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் நேரில் கொடுக்கலாம். பாக்கெட்டைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள். பேட்ச் எண், தயாரித்த தேதி தெரிகிற மாதிரி போட்டோ, கடை பில், முடிந்தால் பிரிக்காத இன்னொரு பாக்கெட் இவை கையில் இருக்கட்டும். பிரித்துப் பாதி சாப்பிட்டதைக் கொண்டுபோனால் "நீங்களே எதையாவது போட்டிருக்கலாம்" என்று கடைக்காரர் சொல்வார், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.